மவுண்டுக்குப் போய் வந்த டிஸ்க்

தம்பி,

இதை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வாசிக்காதே. வீட்டுக்குப் போய், குளித்து, உனக்கும் அபிக்கும் நீயே தேத்தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு, ஆறுதலாக இருந்து வாசி. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ இடையில் சிரிப்பாய், அப்பா பக்கத்தில் நின்று நான் சொல்வதைத் திருத்துவார், கடைசியில் இரவுக்கு என்ன கறி என்பதில் பேச்சு முடிந்துவிடும். வேலைக்குப் போன காலமெல்லாம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டச்சு செய்தவள் நான். வாய் தடுமாறினாலும் என் விரல் தடுமாறாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் அண்மையில் எப்படி உடைந்தது என்பதையும் இதிலேயே சொல்லப் போகிறேன்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீ மெல்பேண் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மனதைத் திடப்படுத்திக்கொண்டிருக்கிறாய். இது எனக்கு எப்படித் தெரியும் என்று உன் மனைவியைச் சந்தேகப்படாதே, அபி வாய் திறக்கவில்லை. நீங்கள் இருவரும் சில வார வேலையாகச் சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் பல்கனியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் தட்டில் தேத்தண்ணீருடன் பின்னால் வந்துகொண்டிருந்தேன். "இவை ரெண்டு பேரும் ரீவியிலை ஏதும் மாறிப்போனாலே எனக்குத்தான் போன் எடுக்கினம். இவையை விட்டிட்டு நான் எப்பிடி மெல்பேணுக்குப் போறது? வேண்டாம் எண்டு சொல்லப் போறன்" என்றாய். நான் தட்டைத் திருப்பிக் குசினிக்குக் கொண்டுபோய், கரண்டிகளைச் சத்தம் வரப் போட்டுவிட்டு, அப்போதுதான் வருபவள் மாதிரித் திரும்பி வந்தேன். தேத்தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றாய். பிள்ளைக்கு எங்கள் மேல் இவ்வளவு பாசமா என்று ஒரு பக்கம் சந்தோஷம். எங்களால் அவன் வாழ்க்கை மறிபட்டு நிற்கிறதே என்று மறுபக்கம் கோபம். கோபம் உன் மேல் இல்லை. எங்கள் மேல்தான்.

ஏனென்றால், தம்பி, அந்த அழைப்புகளில் அரைவாசி பொய். நீ இருக்கிற தெஹிவளையிலிருந்து எங்கள் வெள்ளவத்தைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் புட்டும் மீன்குழம்பும் இருக்கிறது வா என்றால், "ஞாயிறு வாறன் அம்மா" என்பாய். டீவி வேலை செய்யவில்லை என்றால் அன்று பின்னேரமே வந்து நிற்பாய். இதை முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. பின்னால் இருக்கிற வயரைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நீ வருவாய், வயரைத் தள்ளுவாய், "அப்பா, இதுக்கே என்னைக் கூப்பிட்டனீங்கள்?" என்று சலித்துக்கொண்டே இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டுப் போவாய். நாங்கள் கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்போம். பெரிய கெட்டிக்காரர்கள் என்று எங்களுக்கு எண்ணம். நீ அதையெல்லாம் மனதில் சேர்த்து வைத்து, இவர்களால் தனியாக இருக்க முடியாது என்று முடிவு கட்டுவாய் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

நீங்கள் சிங்கப்பூர் போன அடுத்த வாரம் அது உண்மையாகவே செத்துப்போனது. மழை நாள். கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. அதன் பிறகு டீவிக்குப் பின்னால் நீ பொருத்தி வைத்திருந்த சின்னப் பெட்டி கண் திறக்கவே இல்லை. இந்த வீட்டுப் பாட்டு, படம், திருவெம்பாவை, உன் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் டீவிக்குக் கொண்டுவந்து தருவது அந்தப் பெட்டிதானே. அப்பா திறந்து பார்த்தார். உள்ளே பச்சை பிடித்திருந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் கதவுப் பிணைச்சலே தாங்காது, பெட்டி எம்மாத்திரம்? நல்ல காலம், எல்லாம் பதிந்து வைத்திருக்கும் டிஸ்க் தனியாக, ஒரு சின்னப் புத்தகம் அளவில், பக்கத்தில் கிடந்தது. அது பிழைத்திருக்கும் என்று நம்பினோம்.

அப்பா போனைக் கையில் எடுத்துவிட்டார். "தம்பிக்கு ஒருக்கா எடுப்பம்." நான் போனைப் பறித்தேன். பல்கனியில் கேட்டதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து சேர்ட் கையை மடித்தார். "அப்ப நாங்களே செய்வம். அவன் வந்து பார்க்கேக்கை ஒண்டும் தெரியக் கூடாது." இப்படித்தான் உன் பல்கலைக்கழகக் காலத்துக் கொம்பியூட்டர் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அப்பா பெயின்ட் பிரஷால் தூசு தட்டினார். நான் என் லப்டொப்பில் தேடித் தேடி வாசித்தேன். லினக்ஸ் என்பது உன்னைப் போன்றவர்கள் அலுவலகத்தில் மட்டும் வைத்திருக்கும் ஏதோ சாமான் என்று நினைத்திருந்தேன். ஊர் பேர் தெரியாத ஆட்கள் உலகம் முழுக்க இருந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்களாம். வீட்டில் படமும் பாட்டும் பார்ப்பதற்கென்றே தனியாக ஒன்று இருந்தது. அதை இறக்கிப் பென் டிரைவில் எழுதினேன். அப்பாவுக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "காசும் கேக்கேல்லை, களவும் இல்லை, பிறகென்ன? போடும்!" என்றார்.

போட்டோம். அது பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மறுபடி அடித்தேன். இல்லை. கீபோர்ட் பழுது என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதைக் கவிழ்த்துத் தட்டினார். நீ பரீட்சைக்குப் படித்த காலத்து முறுக்குத் தூள் கொட்டியது. புறக்கோட்டைக்குப் போய்ப் புதுசு வாங்கி வருகிறேன் என்று அவர் செருப்பையும் போட்டுவிட்டார். நான் எரிச்சலில் என்டரைக் குத்தினேன், பிழை என்று திரும்பக் கேட்டது, ஒரு தடவை மட்டும் அடித்து மறுபடி குத்தினேன். உடனே உள்ளே விட்டது. லினக்ஸ் பாஸ்வேர்டைக் காட்டாமலேயே வாங்கிக்கொள்ளுமாம், பிறகுதான் வாசித்தேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, "நல்ல வளர்ப்பு" என்றார்.

எல்லாம் வந்தது, டிஸ்க் மட்டும் தெரியவில்லை. செருகியிருக்கிறது, லைட் எரிகிறது, ஆனால் திரையில் இல்லை. என் கைவசம் இருந்த வித்தையெல்லாம் முடிந்தது. உன்னிடம் கேட்கவும் வேண்டும், உனக்குத் தெரியவும் கூடாது. அதனால்தான் அன்று உனக்கு, கீழ் வீட்டு நூர் ஆன்ரியின் லினக்ஸ் கொம்பியூட்டரில் டிஸ்க் தெரியவில்லையாம், என்ன செய்வது என்று செய்தி அனுப்பினேன். நூர் ஆன்ரியிடம் கொம்பியூட்டரே இல்லை என்பது உனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நல்ல காலம், வரவில்லை. நீ குரல் பதிந்து அனுப்பினாய். நாங்கள் இருவரும் போனுக்கு மேல் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது கோட்டைக்குப் போகிற ரயில் கத்திக்கொண்டு போனது. "டிஸ்க்குக்கு ஒண்டும் இல்லை அம்மா. மவுண்ட்..." ரயில். "...செய்தாச் சரி." இவ்வளவுதான் எங்களுக்குக் கேட்டது. திரும்பப் போட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறாயா? அப்பாவுக்கு அந்தப் பொறுமை என்றைக்கு இருந்தது? "மவுண்டிலை செய்யலாமாம். அங்கை நல்ல கடையள் இருக்கு, நான் கண்டிருக்கிறன்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. தெஹிவளைக்கு அப்பால் இருக்கிற கல்கிசையை இந்த ஊரில் யார் கல்கிசை என்று சொல்கிறார்கள்? கண்டக்டர் கூவுவதும் மவுண்ட், நாங்கள் இறங்குவதும் மவுண்ட்.

டிஸ்க்கைக் குளிக்கிற துவாயில் சுற்றி, பையில் வைத்து, பையை மடியில் வைத்து, நூறாம் நம்பர் பஸ்ஸில் உன் அப்பா மவுண்டுக்குப் போனார். ஒரு போன் கடையில் ஏறி, நல்ல சிங்களத்தில், "மல்லி, மேக்க மவுண்ட் கரன்ன புளுவன்த?" என்று கேட்டிருக்கிறார். இதை மவுண்ட் பண்ணலாமா என்று. வேடிக்கை என்னவென்றால் கேள்வி மிகச் சரியான கேள்வி. கேட்டவருக்குத்தான் தான் என்ன கேட்டோம் என்று தெரியாது. கடைக்காரப் பிள்ளை தன் லப்டொப்பில் செருகினான், எல்லாம் வந்தது. "அங்கிள், டிஸ்க் நல்லாத்தானே ஈக்கிது. எங்க இருந்து வாறீங்க?" என்று தமிழிலேயே கேட்டானாம். "வெள்ளவத்தையிலை இருந்து. மகன் சிங்கப்பூரிலை இருந்து சொன்னவன், மவுண்டிலை செய்யலாம் எண்டு." அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பி நின்றானாம். "அங்கிள், மவுண்ட் செய்ற எண்டா மவுண்டுக்கு வாற இல்ல. கொம்பியூட்டருக்கு டிஸ்க்கக் காட்டிக் குடுக்கிற. அத வூட்டுலயே செய்யலாம்."

அப்பா வீட்டுக்கு வந்து கதவடியில் நின்று இதைச் சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் முதலில் முறைத்தார். பிறகு அவரும் துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் இரண்டு பேருக்கும் ஒரே பயம் வந்தது. இது உன் காதுக்குப் போனால் மெல்பேண் அத்தோடு சரி. மவுண்டுக்கு டிஸ்க் கொண்டுபோகிற ஆட்களை எந்தப் பிள்ளை விட்டுவிட்டுப் போவான்?

அன்று எனக்கு உன் சட்டி ஞாபகம் வந்தது. நீ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருடம் போனில் என்னிடம் பருப்புக்கறி எப்படி வைப்பது என்று கேட்டாய். சொன்னேன். நல்லாய் வந்தது அம்மா என்றாய். விடுமுறைக்கு வந்தபோது உன் பெட்டிக்கு அடியில், உடுக்கிற சாரத்துக்குள் சுற்றி, கரிந்துபோன ஒரு சட்டி கிடந்தது. என் சட்டி. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏன் தெரியுமா? அதைக் கண்டு எனக்குக் கவலை வரவில்லை, நிம்மதி வந்தது. சட்டியை எரித்தவன் பட்டினி கிடக்கவில்லையே, கண்டிக் கடைத்தெருவில் வேறு சட்டி வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு உடம்பும் வைத்து வந்திருக்கிறானே. இனி இவன் எங்கேயும் இருப்பான் என்று அன்று எனக்குத் தெரிந்தது. பிழை விடாமல் இருப்பதல்ல, மகனே, தனியாகச் சமாளிப்பது. பிழையை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, திரும்பவும் தொடங்குவதுதான். அதை உன்னிடம் கண்டபோது நான் உன்னை நம்பினேன். எங்களிடமும் அது இருக்கிறது என்று நீ நம்ப வேண்டும்.

கதைக்கு வருகிறேன். உன் குரலை ரயில் இல்லாத நேரத்தில் திரும்பப் போட்டுக் கேட்டேன். வாசித்தேன். கட்டளையை நானே அடித்தேன். டிஸ்க் வந்தது! அப்பா கை தட்டினார். ஆனால் கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டால் மறுபடி காணாமல் போனது. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து என்றால் அது சமாளிப்பதாகாது. நிரந்தரமாக இருக்க வேண்டுமென்றால் ஒரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும், அந்த வரியில் டிஸ்க்கின் அடையாள இலக்கம் இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து, நீளமாக, வாயில் நுழையாத இலக்கம். தட்டச்சுக்காரிக்கு அது ஒரு வேலையா? பார்த்துப் பார்த்து அடித்தேன், சேமித்தேன், நிறுத்திப் போட்டேன். திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ அவசரம் என்று சொல்லிவிட்டு நின்றது. படமும் இல்லை, பாட்டும் இல்லை, நீங்கள் அந்த வார முடிவில் வருகிறீர்கள்.

அப்போதுதான் உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். "இது புரூஃப்தானே. வாசிப்பம்" என்றார். பத்திரிகையில் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. ஒருவர் மூலத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சைப் பார்த்துப் பிழை பிடிப்பது. சரியான இலக்கத்தை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை அவர் வாசித்தார், திரையில் நான் அடித்ததை நான் சொன்னேன். எட்டு என்றார், எட்டு என்றேன். ஒன்று என்றார், ஒன்று என்றேன். எல்லாம் ஒத்துப்போனது. திரும்ப வாசித்தோம். அதுவும் ஒத்துப்போனது. பிறகு அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, மூக்கு முட்டத் திரைக்குக் கிட்டப் போனார். "இஞ்சை பாரும். இந்த ஒண்டுக்கு கால் வளைஞ்சிருக்கு. படத்திலை இருக்கிற ஒண்டுக்கு கால் நேராய் இருக்கு. இது ஒண்டு இல்லையப்பா, வேறை எழுத்து."

எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் வந்தது. எங்கள் கம்பனித் தட்டச்சு இயந்திரத்தில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கட்டையே கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். அப்படியே பழகிய விரல். கொம்பியூட்டர் வந்த பிறகும் நான் அப்படித்தான் அடித்திருக்கிறேன் போலிருக்கிறது. கடிதம் வாசித்த மனிதர்கள் ஒருவரும் கேட்கவில்லை, லினக்ஸ் கேட்டது. ஒரேயொரு எழுத்தை மாற்றினேன். நிறுத்திப் போட்டேன். திரை முழுக்க நீலமாக விரிந்து, பாடல்கள், படங்கள், எங்கள் வீடு என்று நீ போட்டு வைத்த பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அப்பா என் தோளில் தட்டினார், எழுந்து நின்று கூடத்தில் ஒரு சுற்று ஆடினார், கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்றேன், கேட்கட்டும் என்றார். முதலில் உன் கல்யாண வீடியோவைப் போட்டோம். பந்தியில் அப்பா மூன்றாம் முறை பாயாசம் வாங்குவதை வீடியோக்காரன் பிடித்து வைத்திருக்கிறான். அதை நிறுத்தி வைத்துப் பார்த்துச் சிரித்தோம். கல்யாணம் கட்டிய காலத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை இவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை, தம்பி. இந்த வரியை அப்பா வாசித்துவிட்டு, "சந்தோஷத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுறீர்" என்கிறார். கூட்டவில்லை.

இனி போன ஞாயிற்றுக்கிழமை. நீயும் அபியும் வந்தீர்கள். நீ கதிரையில் சாய்ந்து ரிமோட்டை எடுத்தாய். அப்பா டீவியைப் பார்க்கவில்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஒரு படத்தைப் போட்டாய். பாதியில் நிறுத்தினாய். பாட்டுப் போட்டாய். ரயில் போனபோது சத்தத்தைக் கூட்டினாய், போனதும் குறைத்தாய். சாப்பிட்டாய். மறுபடி படத்தை விட்ட இடத்திலிருந்து பார்த்தாய். போய்விட்டாய். உனக்கு ஒன்றுமே தெரியவில்லை! நீ இத்தனை நேரம் பார்த்தது நீ செய்து வைத்த பெட்டி அல்ல, நாங்கள் அடியிலிருந்து கட்டியது. அபிக்குத் தெரிந்துவிட்டது. டீவி மேசைக்குக் கீழே சீலைக்குப் பின்னால் பெரிய கொம்பியூட்டர் இருப்பதைக் கண்டுவிட்டுக் குசினிக்கு வந்து, "மாமி, ஆர் செய்தது?" என்று மெல்லக் கேட்டாள். நான் வாயில் விரலை வைத்தேன். கெட்டிக்காரி, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கூடத்துக்குப் போய்விட்டாள். நீங்கள் போன பிறகு அப்பா, "நாங்கள் பாஸ்!" என்று கத்தினார்.

ஆகவே, உன் காரணம் இப்போது இல்லை. வேறு காரணம் இருந்தால் சொல், கேட்கிறேன். உனக்கே அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் போகாதே. அபிக்கு அந்த ஊர் வேண்டாம் என்றால் போகாதே. எங்களுக்காகப் போகாமல் இருக்காதே. அப்படி ஒரு பாரத்தை நாங்கள் உன் தலையில் ஏற்றவும் மாட்டோம், நீயாக ஏற்றிக்கொண்டு திரிய விடவும் மாட்டோம். போனால் நன்றாகச் சாப்பிடு. சமையலை அபியிடம் விட்டுவிட்டு லப்டொப்போடு குந்தாதே. அவளும் வேலைக்குப் போகிறவள். உனக்கு ஏதும் பிழைத்தால், சட்டியைப் பெட்டிக்குள் ஒளிப்பது போல ஒளிக்காமல் எங்களிடம் சொல். நாங்கள் இப்போது பிழை பிடிப்பதில் பெரிய ஆட்கள். நாங்களும் இனி வயரை இழுத்துவிட்டு உன்னைக் கூப்பிட மாட்டோம். உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தால், பார்க்க ஆசையாக இருக்கிறது என்றே சொல்வோம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இன்று காலை டீவியைப் போட்டபோது வரிசையின் கடைசியில் நீயும் போடாத, நானும் போடாத ஒரு பெயர் இருந்தது. மெல்பேண். அப்பா எனக்குச் சொல்லாமல் செய்து வைத்திருக்கிறார். திறந்தால், இதில் ஒன்றும் இல்லை என்று வருகிறது. அது அப்படியே வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசையும். உன் வீடு, உன் தெரு, அபி குளிர் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது, எல்லாம் எடுத்து அனுப்பு. பின்னேரத்தில் போட்டுப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்திராமல் நாளைக்கே ஓம், வருகிறேன் என்று எழுது. கட்டுநாயக்கா விமானநிலையத்தில் நான் அழுவேன். அப்பாவும் அழுவார், ஆனால் வாகனம் நிறுத்த இடம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அழுவார். அதைக் கண்டு, ஐயோ இவர்களால் முடியாது என்று திரும்பிவிடாதே. எங்களால் முடியும். உன்னில் விருப்பம், அதனால்தான் அழுகை. அழுகிற எங்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போ, தம்பி.

அம்மா